தலையாட்டினால் புரிந்துவிட்டதா?

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் நீங்கள் லைன் லீடராகவோ சூப்பர்வைசராகவோ இருக்கலாம். காது கேளாத ஒருவர் உங்கள் லைனில் புதிதாகச் சேர்கிறார். ஷிஃப்ட் தொடங்கும் முன் வழக்கம்போல அஞ்சு நிமிஷம் பேசுகிறீர்கள்: மெஷின் ஓடும்போது கை வைக்காதே, மூடியைத் திறக்கும் முன் மெயினை ஆஃப் பண்ணு. அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார். ‘சரி, புரிஞ்சுடுச்சு’ என்று நகர்ந்துவிடுகிறீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அந்தத் தலையாட்டலுக்கு ‘கவனிக்கிறேன்’ என்பது மட்டுமே பொருளாக இருக்கலாம். ‘திரும்பக் கேட்டால் கோபப்படுவாரோ’ என்ற தயக்கமாகவும் இருக்கலாம்.

காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரே வழியில் பேசிக்கொள்வதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் கேட்டல் இழப்பு உள்ளவரைக் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 டெசிபல் வரை உள்ளவரைக் கேட்டல் குறையுடையவர் என்றும் வகுக்கிறது. ஆனால் ஒருவர் எப்படிப் பேசுவார் என்பதை இந்த எண் சொல்லாது. எந்த வயதில் கேட்கும் திறன் போனது, எந்தப் பள்ளியில் படித்தார், வீட்டில் யார் சைகை செய்தார்கள் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

‘உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்க’ என்ற நம்பிக்கை நம்மிடம் ரொம்ப அதிகம். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாட்டு’, ‘மாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும். ‘படி’, ‘மடி’ என்பதும் அப்படியே. ‘க’ பின்நாக்கில் பிறப்பதால் உதட்டில் தெரிவதே இல்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளியில் ‘வைக்க வேண்டும்’ என்று எழுதிப் படித்தவர், உங்கள் உதட்டில் பார்ப்பதோ ‘வெக்கணும்’. முகக்கவசமோ வெல்டிங் ஹெல்மெட்டோ போட்டுவிட்டால் அந்தப் பாதி வழியும் அடைபட்டுவிடும்.

காது கருவி அணிந்தவர் நேர்முகத் தேர்வு அறையில் உங்களோடு நன்றாகவே பேசியிருப்பார். அதே ஆளை பிரஸ் ஷாப்பில் நிறுத்தினால் நிலைமை வேறு. கருவி உங்கள் குரலோடு சேர்த்துச் சுற்றியுள்ள இரைச்சலையும் பெருக்குகிறது. அப்போது கத்திப் பேசுவதில் பயனில்லை.

இந்தியச் சைகை மொழி வெறும் கையாட்டல் அல்ல, இலக்கணம் உள்ள மொழி. ‘நீ எங்கே போகிறாய்?’ என்பது அதில் ‘நீ, போ, எங்கே’ என்று வரும். வினாச் சொல்லும் மறுப்பும் கடைசியில் வரும். ஆமாம், இல்லை என்று பதில் கேட்கும் கேள்விக்குப் புருவம் உயரும், அதுவும் இலக்கணம்தான். ஊருக்கு ஊர் சில சைகைகள் மாறினாலும், வடமாநிலத்திலிருந்து வந்த காது கேளாத தொழிலாளியும் நம்மூர்க்காரரும் பெரும்பாலும் சீக்கிரமே ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள். கேட்கும் திறனுள்ள நமக்குத்தான் இந்தி தெரியுமா, தமிழ் தெரியுமா என்ற தடுமாற்றம்!

1880இல் இத்தாலியின் மிலானில் கூடிய மாநாடு, பள்ளிகளில் சைகையை ஒதுக்கிப் பேச்சுப் பயிற்சியையே தரவேண்டும் என்று தீர்மானித்தது. அதன் தாக்கம் உலகெங்கும் நீண்ட காலம் இருந்தது. அதனால் வகுப்பில் கற்றதைவிட விடுதி நண்பர்களிடம் சைகை கற்றவர்கள் பலர். டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தொடங்கியதே 2015இல்தான். 2018இல் 3,000 சொற்களுடன் வந்த அதன் அகராதி இப்போது 10,000 சொற்களைத் தாண்டிவிட்டது.

‘எழுதிக் காட்டிடலாமே’ என்பீர்கள். எழுதலாம். ஆனால் சைகையை முதல் மொழியாகக் கொண்டவருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. ‘வால்வை மூடாமல் போகாதே’ என்ற அறிவிப்பில் இரண்டு மறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘வால்வை மூடு. பிறகு போ’ என்று எழுதிப் பக்கத்தில் படமும் போடுங்கள். கைப்பேசியில் பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் செயலிகள் அமைதியான அறையில் உதவும், லைனில் தடுமாறும். பார்வையும் கேட்டலும் சேர்ந்து குறைந்தவர்கள், சைகை செய்பவரின் கைமேல் தம் கையை வைத்து உணர்கிறார்கள்.

ஆகவே முதல் நாளே அவரிடம் எது வசதி என்று கேளுங்கள். முகத்தில் வெளிச்சம் படும்படி நில்லுங்கள். கூப்பிட வேண்டுமானால் தோளை மெல்லத் தொடுங்கள், பின்னாலிருந்து இழுக்க வேண்டாம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காமல், ‘செஞ்சு காட்டுங்க’ என்று சொல்லுங்கள். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் இருக்கிறதா, கழிவறைக்குள்ளும் அது தெரிகிறதா என்று பாருங்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஹாரனை மட்டும் நம்பக் கூடாது.

சட்டப்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அந்தக் கொள்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொடர்பு அலுவலர் பற்றியும் இருக்க வேண்டும். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ காது கேளாதவர் என்றால், அவர் யார் என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். தேசிய அடையாள அட்டையான யுடிஐடி இல்லையென்றால் அதன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டைக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர் பற்றி விசாரிக்கவும் காஞ்சிபுரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். விபத்து விசாரணை, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றில் பக்கத்து மெஷின்காரரை உட்கார வைத்து முடித்துவிட ஒப்புக்கொள்ளாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.