படம் ஓடுகிறது, சத்தம் இல்லையா? தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பத்து அறிவுரைகள்

எங்கள் ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். திருக்காவலூர் என்று இதற்குப் பெயர் சூட்டி, அடைக்கல மாதாவுக்கு இங்கே ஆலயம் எழுப்பினார். தமிழ் கற்க வந்த ஐரோப்பியருக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார். 1732இல் சதுரகராதி தந்தார். தெரிந்ததைப் புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணில் பிறந்தவனுக்குக் கடமை. கேசட்டில் கல்யாணம் எடுத்து, சிடிக்கு மாறி, பென் டிரைவுக்கு வந்தவன் நான். செல்போன் கடை வைக்கிற பிள்ளைகளும், ஆலயத்துக்கும் பள்ளிக்கும் வீடியோ எடுக்கிற பிள்ளைகளும் என்னிடம் ஓயாமல் கேட்பது ஒன்றுதான்: "பெரியப்பா, படம் ஓடுது, சத்தம் மட்டும் வரல." அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் குறை எங்கே என்று கண்டுபிடியுங்கள். அதே வீடியோவை வேறு போனில் ஓட்டிப் பாருங்கள். அதே போனில் வேறு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். எல்லா வீடியோவிலும் சத்தம் இல்லையென்றால் குறை கருவியில் இருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கிற புளூடூத் ஸ்பீக்கருக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கலாம். கணினியை டிவியில் இணைத்திருந்தால் சத்தம் எந்தப் பக்கம் போகும்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மொழி உள்ள படமானால் ஆடியோ டிராக்கை மாற்றிப் பாருங்கள். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யாமல் எந்த வைத்தியத்தையும் தொடங்காதீர்கள்.

2. கோப்பின் பெயரை நம்பாதீர்கள். எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் டிபன் கேரியர் மாதிரி. ஓர் அடுக்கில் படம், இன்னோர் அடுக்கில் ஒலி. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளிப்பெயர் சொல்லாது. படத்தைச் சுருக்கி வைத்திருக்கும் முறை (கோடெக்) எச்.264 ஆக இருக்கலாம், 2013இல் வந்த எச்.265 ஆக இருக்கலாம், 2018இல் வந்த ஏவி1 ஆகவும் இருக்கலாம். ஒலி ஏஏசி, ஏசி3, டிடிஎஸ், ஓபஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். எம்கேவி என்பதை அழித்து எம்பி4 என்று எழுதினால் பெயர்தான் மாறும், உள்ளே ஒன்றும் மாறாது.

3. உள்ளே திறந்து பாருங்கள். கணினியில் விஎல்சி பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அழுத்துங்கள். உள்ளே எத்தனை ஓடைகள் (ஸ்ட்ரீம்கள்), ஒவ்வொன்றும் எந்த வகை என்று காட்டும். ஒலி ஓடையே அந்தப் பட்டியலில் இல்லையென்றால் எந்தப் பிளேயரும் உதவாது. உதாரணத்துக்கு, யூடியூபில் உயர்தரப் படம் தனியாகவும் ஒலி தனியாகவும் வைக்கப்பட்டிருக்கும். ஓட்டும்போதுதான் இரண்டும் சேரும். படத்தை மட்டும் இறக்கிவிட்டுச் சத்தத்தைத் தேடினால் கிடைக்குமா? திருவிழாத் தேர்பவனி, ஆண்டுவிழா என்றால் எடுத்தவரிடமே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சத்தமும் முழுதாக வரும், தரமும் குறையாது, அனுமதியும் கையில் இருக்கும்.

4. ஒலி ஓடை இருந்தும் கேட்கவில்லையா? பெரும்பாலும் காரணம் உரிமக் கட்டணம். ஏசி3 டால்பியுடையது, டிடிஎஸ் இன்னொரு நிறுவனத்துடையது. காசு கட்டாத செயலிகளும் டிவிகளும் பல அவற்றை வாசிப்பதில்லை. எம்எக்ஸ் பிளேயர் உரிமச் சிக்கலால் இவற்றை எடுத்துவிட்டது. சாம்சங் 2018 மாடல்கள் முதல் டிவியில் டிடிஎஸ்ஸைக் கைவிட்டது. ஆகவே பழைய டிவியில் பேசிய படம் புது டிவியில் ஊமையாகலாம். கோப்பில் குற்றம் இல்லை. போனும் கணினியும் என்றால் விஎல்சி போட்டுக்கொள்ளுங்கள். பாரிஸ் மாணவர்கள் கல்லூரியில் தொடங்கிய இலவச மென்பொருள் அது. தேவையான எல்லாவற்றையும் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் பெரும்பாலான கோப்புகளை அதுவே வாசித்துவிடும்.

5. டிவிக்கு என்றால் ஒலியை மட்டும் மாற்றுங்கள், படத்தைத் தொடாதீர்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாட்டி ஒருவர் பேத்தியின் புதுநன்மை வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். போனில் பாட்டு கேட்கிறது, வீட்டு டிவியில் படம் மட்டும் தெரிகிறது. திறந்து பார்த்தால் படம் எச்.264, ஒலி ஓபஸ். அந்த டிவிக்கு ஓபஸ் தெரியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் 'படத்தை அப்படியே நகலெடு, ஒலியை ஏஏசி ஆக்கு' என்று கட்டளை கொடுத்தேன். ஒரு மணி நேர வீடியோ சில நிமிடங்களில் முடிந்தது. படத்தில் ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. அதையே முழுதாக கன்வெர்ட் செய்திருந்தால் வெகுநேரம் ஆகியிருக்கும். குழந்தையின் முகமும் மங்கியிருக்கும். ஒவ்வொரு முறை முழுதாக மாற்றும்போதும் தரம் கொஞ்சம் போகிறது, போனது திரும்பி வராது.

6. பாட்டு கேட்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்பார்கள். அது 5.1 ஒலி. ஆறு ஒலி வழிகளில் (சேனல்களில்) நடுவழியில்தான் பெரும்பாலும் பேச்சு இருக்கும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள கருவி நடுவழியைச் சேர்க்காமல் விட்டால் இசை முழங்கும், வசனம் கிசுகிசுக்கும். ஒலியை இரண்டு வழி ஸ்டீரியோவாகக் கலந்து மாற்றிக்கொடுங்கள், தீர்ந்துவிடும். உதடு முந்தி, சத்தம் பிந்தி வந்தால் விஎல்சியில் ஜே, கே விசைகளால் சரிசெய்து பாருங்கள்.

7. சத்தம் வந்து படம் கறுப்பாக இருந்தால், அல்லது திக்கித் திக்கி ஓடினால், எச்.265 என்று சந்தேகப்படுங்கள். 2011இல் தொடங்கிய திட்டத்தில் அரசு தந்த இலவச லேப்டாப் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் உழைக்கிறது. அந்தக் காலத்துச் சிப்புக்கு எச்.265 தெரியாது. பாடம் படிக்கிற பிள்ளைக்கு அதையே எச்.264, 720பி அளவில் மாற்றிக் கொடுத்தால் தடையில்லாமல் ஓடும். இங்கே மட்டும்தான் படத்தை மாற்றத் தேவை. ஹேண்ட்பிரேக் அதற்கு நல்ல கருவி. ஐபோன்கள் 2017 முதல் எச்.265இல் பதிவு செய்கின்றன. வெளிநாட்டிலிருந்து மகன் அந்த வீடியோவை டாக்குமென்டாக அனுப்பினால் அது அப்படியே வந்து சேரும். கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைக்கச் சொல்லுங்கள்.

8. பென் டிரைவையும் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்ததில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. வேறு முறையில் செய்தால் சில பழைய டிவிகளுக்குப் பென் டிரைவே தெரியாது. பெரிய வீடியோவைப் பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். பாதியில் நின்ற டவுன்லோடா என்றும் கோப்பின் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். எம்பி4 கோப்பின் அட்டவணை பல நேரம் கடைசியில் இருக்கும். அது வந்து சேராவிட்டால் கோப்பு திறக்கவே திறக்காது. மறுபடி இறக்குவதே வழி.

9. 'இந்தக் கோடெக்கை நிறுவினால்தான் சத்தம் வரும்' என்று ஒரு வீடியோவோ இணையப் பக்கமோ கேட்டால் நிறுவாதீர்கள். வைரஸ் நுழைகிற பழைய வாசல் அது. வாடிக்கையாளரின் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் அதே கணினியில் இருக்கின்றன. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொடுக்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். அது குற்றம், அந்தக் கோப்புகளோடுதான் இந்தக் கேடுகளும் அதிகம் வருகின்றன.

10. மூலக் கோப்பை ஒருநாளும் அழிக்காதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள். முடித்ததும் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள். முடிந்தால் அவர்கள் வீட்டு டிவியிலேயே போட்டுக் காட்டுங்கள்.

பிள்ளைகளே, கணினிப் பொத்தான்கள் வருடத்துக்கு வருடம் மாறும். கோப்பா, பிளேயரா, கருவியா, குறை எதில் என்று முதலில் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் எந்தக் காலத்திலும் உதவும். நம் கடைக்கு வருகிற வீடியோக்களில் பாதி, இறந்துபோனவர் குரலும் திரும்ப எடுக்க முடியாத கல்யாணமும்தான். அவசரப்பட்டு அதைக் கெடுத்துவிடாதீர்கள்; தெரியவில்லையென்றால் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.