ரெஜிஸ்டரின் சுபாவம் அறிந்து படித்தல்

அன்புள்ள தம்பிக்கு,

சாதனங்களை இயக்கும் டிரைவர் நிரல் எழுதும் தொழிலில் நீ அடியெடுத்து வைத்திருக்கும் இவ்வேளையில், மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றினும் அனர்த்தத்துக்கு இடமளிக்கவல்ல ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லிவைப்பது என் கடமையென்று கருதுகிறேன். 32 பிட் பஸ்ஸின் வழியே 64 பிட் ரெஜிஸ்டர் ஒன்றைப் படிக்க நேரும்போது, அதன் மதிப்பு இரு பாதிகளாகவே நம் கைக்கு வந்து சேரும். அவ்விரு வாசிப்புகளுக்கும் இடையில் சாதனம் நமக்காகக் காத்து நிற்பதில்லை.

எண்களால் மணி காட்டும் கடிகாரம் 9:59 என்றிருக்கையில் நிமிஷத்தை முதலில் குறித்துக்கொண்டு, மணியைப் பார்ப்பதற்குள் பத்தாகிவிட்டால், 10:59 என்றல்லவா எழுதிவிடுவோம்? ரெஜிஸ்டரிலும் அவ்வாறே நேரும். வினாடிக்குப் பத்து லட்சம் வீதம் ஏறும் 64 பிட் கவுண்டரின் கீழ்ப்பாதி ஏறக்குறைய 71 நிமிஷத்துக்கு ஒருமுறையே நிரம்பி வழிவதாலும், சரியாக அந்தக் கணத்தில் நம் வாசிப்பு நிகழ்வது அபூர்வமாதலாலும், இப்பிழை சோதனைகளையெல்லாம் தப்பிக் கடந்துபோய், பிற்பாடு காரணம் விளங்காத கோளாறாகத் தலைகாட்டும்.

மேல்பாதி, கீழ்ப்பாதி, மறுபடியும் மேல்பாதி என்று படித்து, மேல்பாதி இருமுறையும் ஒத்திருந்தால் ஏற்றுக்கொண்டு, மாறியிருந்தால் திரும்பத் தொடங்குவதே இதற்குப் பிரசித்தமான பரிகாரம். 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலிகளின் கவுண்டர்களுக்கு அவற்றின் விதிநூலும் இதையே காட்டுகிறது. ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணியென்று நம்பிவிடாதே. ஆர்பி2040 சிப்பின் டைமரில், கீழ்ப்பாதியைப் படித்தவுடனே மேல்பாதியின் நகலொன்று பிடித்துவைக்கப்படுவதால், கீழ்ப்பாதியை முந்திப் படிப்பதே முறை. அவ்வாறு படித்தும், இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் புகுந்தால் ஒன்றின் நகலை மற்றது அழித்துவிடுமாதலால், அங்கே நகலெடுக்காத வேறு ரெஜிஸ்டர்களை நாடி மேற்சொன்ன பரிகாரத்தைக் கையாளுவதே உத்தமம். இன்டெலின் பழைய 8254எக்ஸ் நெட்வொர்க் சிப்களிலோ, வந்த பைட்டுகளை எண்ணும் ரெஜிஸ்டர் அதன் மேல்பாதியைப் படித்ததும் பூஜ்யமாகிவிடும். மேல்பாதியை முதலில் தொட்டவன், தான் அறிய வந்த கணக்கைத் தானே துடைத்தவனாவான்.

ஆகவே, ரெஜிஸ்டர் தானாக ஓடுவதா, நகலெடுத்து வைப்பதா, படித்தால் அழிவதா என்பதை டேட்டாஷீட்டில் தெளிந்த பிறகே ஒரு வரியேனும் எழுது. இரு வாசிப்புகளையும் ஒரே கோவையில் பிணைத்துவிடாமல் தனித்தனி வாக்கியங்களாக எழுது. ஏனெனில், ஒரு கூட்டலின் எந்தப் பக்கத்தை முதலில் மதிப்பிடவேண்டுமென்று ஸி மொழி நிர்ணயிப்பதில்லை. 32 பிட் கணினிகளுக்காக லினக்ஸ் கெர்னல் தரும் கீழ்-மேல், மேல்-கீழ் என்ற இரு ஹெடர் கோப்புகளும் வரிசையை மாத்திரமே உறுதி செய்வன. இடையில் மதிப்பு மாறியதா என்று அவை பார்ப்பதில்லை. கவுண்டரில் எழுத இடமிருக்குமானால், கீழ்ப்பாதி நிரம்புவதற்குச் சற்று முந்திய எண்ணை அதில் இட்டுச் சோதித்துப் பார். அபூர்வமென்று சொன்ன அந்தக் கணத்தை உன் மேஜைக்கே வரவழைத்துப் பார்த்த பின்னரே டிரைவரைப் பிறர் கையில் கொடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்