ஒன்பது மாலை, ஒன்பது ராகம்

கேள்வி: நவராத்திரி விடுமுறையில் பிள்ளைகளோடு நல்ல கச்சேரி கேட்க ஆசை. எங்கே போகலாம்?
– வாசகி, மதுரை

பதில்: திருவனந்தபுரத்துக்குக் கிளம்புங்கள். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. சுவாதித் திருநாளின் நவராத்திரி கீர்த்தனைகளில் நாளுக்கு ஒன்று பிரதானம். முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, குமாரகோயில் முருகன் மூவரும் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாக வந்து சேர்ந்த பிறகே விழா. அங்கே முதன்முதலாகப் பாடிய பெண் பாறசாலை பொன்னம்மாள், 2006இல். கைதட்டல் கிடையாது, உடைக் கட்டுப்பாடும் உண்டு. பொடிசுகள் இருந்தால் ஓரமாக உட்காருங்கள், எழுந்துவர வசதி. வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் பொறுப்பை மட்டும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்!