இரண்டு மாதத் தாமதம்

ஆனைகட்டியைக் கடந்தால் பாலக்காடு மாவட்டம் தொடங்கும். 2017 மே மாதத்தில், பாலக்காடு இரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகள் சிலவற்றில் கோப்புகள் திறக்கவில்லை. பணம் செலுத்தினால்தான் அவை மீளும் என்று திரை மிரட்டியது. ‘வான்னாகிரை’ என்னும் அத்தீநிரல் 150 நாடுகளில் பரவியது. வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகமும் தப்பவில்லை.

அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மேம்படுத்தலை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது! ‘பிறகு பார்க்கலாம்’ என்று அதனை நிறுவாதிருந்த கணினிகளே பெரும்பாலும் சிக்கின. பயனர் எதையும் சொடுக்க வேண்டியதுகூட இல்லை. வலையமைப்பின் வழியே அது தானாகவே தாவியது.

வேறு பல தீநிரல்களோ போலித் தளங்களின் ‘இலவசப் பதிவிறக்கம்’ வழியாக வருகின்றன. அவற்றுக்குக் கதவைத் திறந்துவிடுபவர் வீட்டுக்காரரே. குடும்பப் படங்களின் படி ஒன்றைத் தனி வன்தட்டில் வைத்திருப்போர் மிரட்டலுக்குப் பணிய வேண்டியதில்லை.