பரிமாற்ற மாணவரும் விசாவும்

விசா என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்ட தாள்' என்பது அதன் மூலப் பொருள். பாஸ்போர்ட் நம் நாடு நமக்குத் தருவது. விசா, நாம் போகும் நாடு அந்த பாஸ்போர்ட்டைப் பார்த்து இடுகின்ற ஒப்புதல். இந்த வேறுபாடு நம்மில் பலருக்குத் தெளிவாக இல்லை. சென்ற ஆண்டு வரை எனக்கும் இல்லை. அமெரிக்கக் கல்லூரியில் ஒரு பருவம் மட்டும் படித்துவரும் பரிமாற்றத் திட்டமொன்றுக்கு விண்ணப்பிக்க எண்ணியபோது தேடித் தெரிந்துகொண்டவற்றை நண்பர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பட்டம் பெறச் செல்வோர் பெரும்பாலும் வாங்குவது எஃப்-1 விசா. பரிமாற்றத் திட்டத்தில் செல்வோருக்கு உரியது ஜே-1. இதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அயல்நாடுகளில் எஞ்சிக் கிடந்த அமெரிக்கத் தளவாடங்களை விற்ற பணத்தைக் கொண்டு மாணவர்களையும் ஆசிரியர்களையும் பரிமாறிக்கொள்ளலாம் என்று செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946-இல் நிறைவேறியது. இந்தியா 1950 பிப்ரவரியில் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜே வகை விசா தோன்றியது. போரின் மிச்சத்தில் படிப்பு வளர்ந்தது வியப்புதான்.

விசா வாங்கிக்கொண்டு போய் இடம் தேடுவது என்பது இதில் இல்லை. முதலில் ஒரு திட்டம் நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நிறுவனம் டி.எஸ்.2019 என்ற சான்றை அனுப்பும். அதன்பின் செவிஸ் என்னும் பதிவுக் கட்டணம் (2019 முதல் 220 டாலர்), டி.எஸ்.160 விண்ணப்பம், விசாக் கட்டணம் (2023-இல் 185 டாலராக உயர்த்தப்பட்டது), கைரேகை, புகைப்படம், இறுதியில் நேர்காணல். நம் பக்கத்து மாணவர்களுக்கு நேர்காணல் சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில். இரு கட்டணங்களும் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணம் திரும்பாது. அமெரிக்க அரசே நடத்தும் திட்டங்களில் செல்வோருக்கு மட்டும் இவ்விரண்டும் இல்லை. ஆகவே நம்மைப் போன்றோர் முதலில் நாட வேண்டியவை அத்தகைய திட்டங்களே என்பது என் கருத்து.

நேர்காணலைப் பற்றித்தான் எல்லோருக்கும் அச்சம். 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் அதிகாரி முதலில் கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுபவர் மெய்ப்பிக்க வேண்டும், இங்கே தலைகீழ். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. மீண்டும் பணம் கட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

"நிலம் இருக்கிறதா, பாங்கில் பணம் இருக்கிறதா என்று கேட்பார்கள், நமக்கு எங்கே கிடைக்கும்?" என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். அப்பாவும் அதை நம்பிவிட்டார். ஆனால் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது டி.எஸ்.2019-இலேயே எழுதப்பட்டிருக்கும். திட்டமே முழுச் செலவையும் ஏற்கும்போது குடும்பத்தின் கையிருப்பு பெரிய கேள்வியாகாது. திரும்பி வருவோம் என்பதற்கு நம்மிடம் வலுவான காரணம் ஒன்று உண்டு: மூன்றாம் ஆண்டுப் படிப்பு இங்கே பாக்கியிருக்கிறது. கல்லூரி தரும் அனுமதிக் கடிதம் இதற்குச் சான்றாகும்.

இரண்டாண்டு விதியைப் பற்றியும் தவறான பேச்சு உலவுகிறது. அரசுப் பணத்தில் சென்றவர், திரும்பியபின் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் வாழ்ந்தால்தான் அங்கே குடியேறவோ, எச் அல்லது எல் வகை விசாவில் வேலைக்குச் செல்லவோ முடியும். அமெரிக்க மண்ணையே மிதிக்கக்கூடாது என்பதில்லை. சுற்றுலாவுக்கோ மேற்படிப்புக்கோ விசா கேட்கலாம். துறைப் பட்டியலின் காரணமாகவும் இவ்விதி இந்தியருக்கு இருந்தது. 2024 டிசம்பரில் அப்பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது.

கடைசியாக எழுதினாலும், செய்ய வேண்டிய முறைப்படி முதலாவது, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்துதான். பாஸ்போர்ட்டிலோ இரண்டு கட்டங்கள். ஒரே பெயரை மட்டும் எழுதி மற்றதை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் முதற்பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சாகிவிடும். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பது அதன் பொருள். பெற்றவர் வைத்த பெயர் இருக்க, தெரியவில்லை என்று ஒரு தாள் சொல்கிறது! தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரை முழுமையாக எழுதுவதே நல்லது. பாஸ்போர்ட், டி.எஸ்.2019, டி.எஸ்.160 மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

என் அப்பா பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் கையெழுத்துப் போடுவது தமிழில். எது சரி என்று அவரைக் கேட்டால், "நீ படிக்கிற பிள்ளை, நீயே சொல்லு" என்றார். அதைத் திருத்தி பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் திட்டத்தின் கடைசித் தேதி போய்விட்டது. இப்போது பாஸ்போர்ட் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயர் முழுவதும் இருக்கிறது. முதலாமாண்டுத் தம்பி தங்கைகள் இந்த வேலையை இந்தக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடலாம்.