திரும்பி வரும் குருதி

நுழையும்முன்

மனித இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. அதன் அமைப்பு எத்தகையது, உடலெங்கும் குருதியை அனுப்பும் அதற்கே குருதி எவ்வழியாகக் கிடைக்கிறது, அவ்வழி அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏன் இன்றியமையாததாகிறது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கண்மாயும் உடலும்

விருதுநகர் மாவட்டம், திருச்சுழி வட்டத்தில் உள்ள நரிக்குடி வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழைநீர் கண்மாயில் தேங்குகிறது. மடை திறந்ததும் அது கால்வாய் வழியே வயலை அடைகிறது. சென்ற நீரை மண்ணும் பயிரும் வெயிலும் உறிஞ்சிவிடுகின்றன. அது கண்மாய்க்குத் திரும்புவதில்லை. கண்மாய் மீண்டும் நிறைய அடுத்த மழை வேண்டும்.

உடலிலும் குருதி இவ்வாறே செல்கிறது என்று ஐரோப்பிய மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உண்ட உணவிலிருந்து கல்லீரல் குருதியை உண்டாக்குகிறது என்றும், உறுப்புகள் அதனை உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன என்றும் கருதினார். அவருடைய கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலைபெற்றிருந்தது.

ஹார்வியின் கணக்கு

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அக்கருத்தை மறுத்தார். அவர் கையாண்ட வலிமையான கருவிகளுள் ஒன்று எளிய பெருக்கல் கணக்கு. இன்றைய அளவுகளைக் கொண்டு அக்கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதி ஏறத்தாழ 70 மில்லிலிட்டர். நிமிடத்திற்கு 72 துடிப்புகள் எனில், ஒரு நிமிடத்தில் வெளியேறுவது ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர். இஃது ஒரு மனிதரின் எடையைப் போலப் பல மடங்கு. இவ்வளவு குருதியை உணவிலிருந்து ஒரு மணி நேரத்தில் உண்டாக்க எந்த உடலாலும் இயலாது. எனவே, சென்ற குருதியே திரும்பி வருகிறது என்பது ஹார்வி கண்ட முடிவு.

தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வாறு கடக்கிறது என்பதை அவரால் காண இயலவில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல் இத்தாலிய அறிஞர் மால்பிகி நுண்ணோக்கி வழியாகத் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார். ஹார்வி கணக்கால் அறிந்ததை மால்பிகியின் கண்கள் உறுதிசெய்தன.

நான்கு அறைகள், இரு சுற்றுகள்

இதயம் அவரவர் கைமுட்டி அளவினது. ஏறத்தாழ 300 கிராம் எடை உடையது. மார்புக்கூட்டில் இரு நுரையீரல்களுக்கும் இடையே, சற்று இடப்புறம் சாய்ந்து அமைந்துள்ளது. மேலறைகள் இரண்டும் ஆரிக்கிள்கள். கீழறைகள் இரண்டும் வெண்ட்ரிக்கிள்கள்.

உடலெங்கும் சென்று ஆக்சிஜனை இழந்த குருதி, பெருஞ்சிரைகள் வழியாக வலது ஆரிக்கிளை அடைகிறது. அங்கிருந்து மூவிதழ் வால்வைக் கடந்து வலது வெண்ட்ரிக்கிளுக்குச் சென்று, நுரையீரல் தமனி வழியே நுரையீரலை அடைகிறது. அங்கே கார்பன் டைஆக்சைடை விட்டு, ஆக்சிஜனைப் பெற்று, நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்புகிறது. இது முதற்சுற்று. பின்னர் ஈரிதழ் வால்வைக் கடந்து இடது வெண்ட்ரிக்கிளை அடைந்து, பெருந்தமனி வழியே உடலெங்கும் பாய்கிறது. இது இரண்டாம் சுற்று. தொலைவு மிகுதியாதலால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலப்புறச் சுவரினும் தடித்திருக்கிறது.

வால்வுகள் ஒருவழிக் கதவுகள். குருதி பின்னோக்கிப் பாயாமல் காப்பவை. அவை மூடும் ஓசையே மருத்துவரின் செவியில் 'லப் டப்' என ஒலிக்கிறது.

தெரிந்து தெளிவோம்

இதயம் துடிக்க மூளையின் ஆணை தேவையில்லை. வலது ஆரிக்கிளின் சுவரில் உள்ள சைனோ ஆரிக்குலார் கணு தானே மின்துடிப்பை உண்டாக்குகிறது. நரம்புகளும் ஹார்மோன்களும் அதன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே செய்கின்றன.

இதயத்திற்குரிய பங்கு

அறைகளில் குருதி நிறைந்திருந்தும் இதயத்தசை அதனை நேரடியாக உறிஞ்சிக்கொள்வதில்லை. பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரு கரோனரி தமனிகளே இதயத்தசைக்கு உணவும் ஆக்சிஜனும் அளிக்கின்றன. இதயம் சுருங்கும்போது அத்தமனிகளின் கிளைகள் நெருக்கப்படுகின்றன. ஆதலால், இடது வெண்ட்ரிக்கிளின் தசை தனக்குரிய குருதியின் பெரும்பகுதியைத் துடிப்புகளுக்கு இடையில் விரியும் சிறுபொழுதில்தான் பெறுகிறது.

புகையிலை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் இத்தமனிகளின் உட்சுவரில் படிவு வளர்கிறது. ஒருநாள் அப்படிவு வெடிக்க, அவ்விடத்தில் குருதி உறைந்து வழியை அடைக்கிறது. இதுவே மாரடைப்பு. முழுமையாக அடைபட்டால் அரைமணி நேர அளவிலேயே தசை மடியத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் சேதம் பரவுகிறது.

காலமும் தொலைவும்

நடு மார்பில் இறுக்கம், இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு உடையோர்க்கு வலி தெளிவாகத் தோன்றாமலும் போகலாம். இவற்றை வாய்வுப் பிடிப்பு எனக் கருதி, சோடா அருந்திவிட்டு விடியட்டும் எனக் காத்திருப்போர் உண்டு. பெரிய மருத்துவமனைக்கு அருப்புக்கோட்டையோ மதுரையோ செல்ல வேண்டிய நரிக்குடிச் சிற்றூர்களில், தொலைவோடு அந்தத் தாமதமும் சேர்ந்துகொள்கிறது.

தொலைவின் தீங்கைக் குறைக்கும் வழிகள் உள்ளன. தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. 2023ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறிகளுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோர்க்குக் குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் முதல் தவணையாக அங்கேயே வழங்கப்படுகின்றன. பின்னர் அவர்கள் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். ஆயினும், அறிகுறியை அறிந்து முதலில் அழைப்பவர் வீட்டில் உள்ளவரே.

வற்றிய கண்மாயை அடுத்த மழை நிரப்பிவிடும். மடிந்த இதயத்தசையோ தழும்பாக எஞ்சிவிடுகிறது. அது பழைய நிலைக்கு மீள்வதில்லை. எனவே, நெஞ்சுவலி தோன்றிய பொழுதே செயற்படுவது உயிரைக் காக்கும் அறிவாகும்.

கற்பவை கற்றபின்...

1. அமர்ந்திருக்கும்போதும் படியேறிய பின்னும் நாடித்துடிப்பை எண்ணி, வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் கலந்துரையாடுக.

2. குருதி சுற்றி வருகிறது என்பதை ஹார்வி கணக்கின் வழி நிறுவிய முறையை உம் சொற்களில் எழுதுக.

3. உம் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அறிந்து, மாரடைப்பின் அறிகுறிகளை விளக்கும் சுவரொட்டி ஒன்றைத் தமிழில் உருவாக்குக.