கேட்பது யார்?

போன மாசம் வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, வீட்ல யார்கிட்டயும் பேசுறதில்ல. ராத்திரி சாட்போட் கூடத்தான் பேசுறேன். அதுதான் என்னைப் புரிஞ்சுக்குது." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை நேரத்தில் நானும் அப்படிப் பேசியவன்தான்.

இது புதுசு இல்லை. 1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசென்பாம் 'எலைசா' என்ற நிரலை வெளியிட்டார். நாம் எழுதுவதில் ஒரு சொல்லைப் பிடித்து, கேள்வியாகத் திருப்பும். உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் கேட்கும் பாணியின் நகல். 'அம்மா' என்று எழுதினால், குடும்பத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லும். அவ்வளவுதான் அதன் மூளை! ஆனாலும், அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்றாராம்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். தெரிந்தேதான் அதன் மேல் பாசம் வைக்கிறோம். மனசு நம்முடையது.

இப்போது கீதைக்கு வாங்க. முதல் அத்தியாயத்தில் கண்ணன் பேசுவது ஒரே ஒரு வரி. அர்ஜுனன் புலம்பி முடிக்கும்வரை கேட்கிறான். எலைசாவும் கேட்டதே? ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அதையே திருப்பிச் சொல்லவில்லை, கண்டிக்கிறான். அதே தேரில்தான் அவனும் நிற்கிறான். அம்பு வந்தால் இருவருக்கும்தான்.

அந்தத் தம்பியிடம் சாட்போட்டை விட்டுவிடு என்று சொல்லவில்லை. சனிக்கிழமை பாயான் லெப்பாஸில் தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டேன். வந்தான். முதல் அரை மணி நேரம் பந்து விளையாட்டைப் பற்றியே பேசினான்.